அவசரமில்லை, காலையில் பார்த்தால் போதும்

இரவு எட்டு மணிக்கு மேல் நான் யாருக்கும் போன் செய்வதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள், சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் நாம் ஏன் நந்தி மாதிரி போய் உட்கார வேண்டும்? ஆபீஸ் விஷயம் எதுவானாலும் இரவில் மெயில்தான். மெயில் யாரையும் எழுப்பாது, காலைவரை அது பாட்டுக்குக் கிடக்கும் என்பது என் எண்ணம். அதிலும் கடைசி வரியாக ஒன்றை மறக்காமல் சேர்ப்பேன்: “அவசரமில்லை, காலையில் பார்த்தால் போதும்.” இப்படி எழுதுகிற மேலாளர் மதுரையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டதும் உண்டு. எங்கள் மெயிலெல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ் காளவாசலில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. வெளிநாட்டில் கட்டுகிற இரும்புக் கட்டடங்களுக்கு இங்கே உட்கார்ந்து டிராயிங் போடுவது எங்கள் வேலை. எந்த பீம் எத்தனை நீளம், எங்கே எத்தனை போல்ட் துளை, எந்த மூலையில் வெல்டிங் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அங்கே இரும்பை வெட்டுவார்கள். ஒரு துளை விரற்கடை நகர்ந்துவிட்டால், கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில் பீம் கிரேனில் தொங்கிக்கொண்டு நிற்கும், கீழே நிற்கிறவர்கள் நம் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். அந்த ஆபீசுக்கு நான்தான் பொறுப்பு. எனக்குக் கீழே ஆறு பேர்.

வீடு கோச்சடையில். சாப்பாடு முடிந்து, வீட்டுக்காரி படுத்து, தெருவில் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகுதான் என் மண்டையில் விளக்கு எரியும். பகலில் யார் என்ன கேட்டாலும் என் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் “ம்” மட்டும்தான். கோபம் இல்லை, அலட்சியமும் இல்லை. எதிரே ஒரு முகம் நின்றால் எனக்கு வார்த்தை ஓடாது, அவ்வளவுதான். இரவு பதினோரு மணிக்கு மேல் மடிக்கணினியைத் திறந்தால் பாராட்டு, திட்டு, யோசனை எல்லாம் மடை திறந்த மாதிரி வரும். “பகலெல்லாம் உம்முனு இருந்துட்டு ராத்திரியில அம்புட்டையும் கொட்டுறீங்களே, யாருக்குங்க?” என்று வீட்டுக்காரி கேட்பாள். ஆபீஸ் வேலை உனக்கு என்ன தெரியும் என்பேன்.

பதில் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். பன்னிரண்டு மணி ஆனாலும் வரும். “பார்த்துவிட்டேன் சார்” என்று ஒரு வரி, கூடவே ஒரு கேள்வி. “அந்த மூன்றாவது தாளில் வெல்டிங் அளவை மாற்றவா சார்?” எனக்குப் பெருமை பிடிபடாது. நடுராத்திரியில் வெல்டிங்கைப் பற்றி யோசிக்கிற பிள்ளைகள்! கேள்விக்கு விலாவாரியாகப் பதில் எழுதுவேன். அதற்கு அவர்கள் ஒரு பதில் போடுவார்கள். நான் நன்றி என்று போட்டுவிட்டுத்தான் படுப்பேன், ஏனென்றால் ஒருவர் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் படுப்பது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. சில நாள் கண் எரியும். இருந்தாலும் காத்திருந்து அந்த நன்றியைப் போடுவேன். ஒரு கல்யாண மண்டபத்தில், சொந்தமாகக் கம்பெனி நடத்தும் என் மச்சானிடம், “எங்க ஆபீஸ்ல எவனும் தூங்குறதே இல்ல மாப்ள, அம்புட்டு ஈடுபாடு” என்று பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் பந்தியிலிருந்து எழுந்து ஓடலாம் போலிருக்கிறது.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் போன் வாங்கிய நாளிலிருந்து சத்தமில்லாமல்தான் இருக்கிறது. கூப்பிடுகிற சத்தமே எனக்கு ஆகாது. அதனால் மெயில் வந்தால் மற்றவர்கள் தலைமாட்டில் ‘டிங்’ என்று ஒன்று அடிக்கும் என்பதை இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் செக்கர் என் மேஜைக்கு வந்து ஒரு கவரை வைத்தார். செக்கர் என்றால் மற்றவர்கள் போட்ட டிராயிங்கை வரி வரியாகச் சரிபார்ப்பவர். சரியான அளவின் மேல் மஞ்சள் பூசுவார், தப்பின் மேல் சிவப்பு. முப்பது வயதைத் தாண்டிய பெண், ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. கீழவாசல் பக்கம் கூட்டுக் குடும்பம், சௌராஷ்டிரக்காரர்கள். மாமியாரோடு போனில் அவர்கள் மொழியில் படபடவென்று பொரிவார். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினால் தமிழில் ஒரு சொல் கூட, ஒரு சொல் குறைய இருக்காது.

அவருடைய கண்ணைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். ஒரு பள்ளிக்கூடத்துக் கூரை வேலை. இடப்பக்க பீமும் வலப்பக்க பீமும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்தது போல இருக்க வேண்டும். நாங்கள் இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டோம். நானே பார்த்துச் சரியென்று கையெழுத்தும் போட்டாயிற்று. தாள் போவதற்கு அரைமணி நேரம் இருக்கும்போது அவர் என் எதிரில் வந்து நின்று, “சார், கோவிச்சுக்காதீங்க. நாப்பது பீமும் தப்பு” என்றார். நாற்பதும் தப்புத்தான். அன்று அவர் மட்டும் இல்லையென்றால் எங்கள் ஆபீஸ் படியில் இன்று பாத்திரக்கடைக்காரர் அண்டா அடுக்கியிருப்பார்.

கவரில் ராஜினாமா. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று ஒரு வரி. இன்னும் ஒரு மாதம் வருவார், அதோடு சரி.

இவர் போனால் இன்னொருவரைத் தேடிப் பிடிக்கலாம், பிடித்தாலும் இந்தக் கண் கிடைக்காது. அதைவிட, ஆறு வருடமாக இந்த மனுஷி என் தப்புகளைச் சத்தமில்லாமல் தடுத்துக்கொண்டிருக்கிறார். நான் ஒழுங்கான வேலைக்காரன் என்று ஊரில் எனக்கு இருக்கும் பெயரில் பாதி அவருடையது. இவ்வளவும் மனசுக்குள் ஓட, வாய் மட்டும், “ம்… சரிம்மா” என்றது. அவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு உட்கார்ந்து அவருக்கு மட்டும் ஒரு நீளமான மெயில் எழுதினேன். கூரை பீமை எழுதினேன். என் பெயரில் பாதி அவருடையது என்பதையும் வெட்கப்படாமல் எழுதினேன். என்ன குறை என்று சொன்னால் சரிசெய்கிறேன், போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் யாருக்கும் இப்படி எழுதியதில்லை, பெண் பார்த்துவிட்டு வந்த காலத்தில்கூட. வழக்கப்படி கடைசி வரியையும் சேர்த்து அனுப்பினேன்.

எட்டு நிமிடத்தில் பதில் வந்தது. “பார்த்துவிட்டேன் சார். முதலில் எந்தத் தாளை முடிக்க வேண்டும்?”

நெஞ்சைத் திறந்து வைத்தவனிடம் தாள் கணக்கா கேட்பது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நன்றி போடாமல் படுத்த ஒரே இரவு அதுதான். மறுநாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே என் முகம் அப்படித்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. “ஆபீஸ்ல நாலடி தூரத்துல உக்காந்திருக்க புள்ளைகிட்ட நேர்ல கேக்க வேண்டியதுதான? இதுக்கு எதுக்குக் கடுதாசி?” என்று வீட்டுக்காரி கேட்டாள். அவளிடமும் கோபித்துக்கொண்டேன்.

இப்படியே பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. பதின்மூன்றாம் நாள் இரவு, தாள்களை எந்த வரிசையில் அனுப்ப வேண்டும் என்று ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு மெயில் போட்டேன். மணி பன்னிரண்டாகக் கால் மணி இருந்தது. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது, சோழவந்தானிலிருந்து வரும் பையனிடமிருந்து. பையன் என்கிறேனே தவிர அவருக்கு இருபத்தெட்டு வயது. வீட்டுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. விடியுமுன் எழுந்து அப்பாவோடு வெற்றிலை கிள்ளிவிட்டுத்தான் ஆபீசுக்கு வண்டியை எடுப்பார். பதிலைத் திறந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்.

“மாப்ள, எந்திரிடா. இன்னைக்கு ஒன் முற. பெருசு மெயில் போட்டு அஞ்சு நிமிசமாச்சு. ஏதாவது ஒரு கேள்வியக் கேட்டு முடிச்சு விடு. அதுவும் தூங்கட்டும்.”

பக்கத்து மேஜைக்காரனுக்கு அனுப்ப வேண்டியதை எல்லோருக்குமாக அனுப்பிவிட்டார். பெருசு என்பது நான். ‘அதுவும்’ என்பதும் நான்தான். இரண்டு முறை படித்தேன். அதற்குள் அந்த மாப்பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்து, நடந்தது எதுவும் தெரியாமல், “பார்த்துவிட்டேன் சார். எட்டாவது தாளை முதலில் அனுப்பவா?” என்று கேள்வி கேட்டிருந்தார். அடுத்து, “சார், மன்னிச்சிருங்க சார், தப்பா வந்துருச்சு சார்” என்று சோழவந்தான் பையன். அதற்கும் அடுத்து, எனக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவரிடமிருந்து, “சார், மேலே உள்ள எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம்” என்று ஒன்று. அன்று இரவு ஏழு பேரில் ஒருவரும் தூங்கியிருக்க மாட்டோம்.

மறுநாள் ஆபீசில் ஒருவரும் தலை தூக்கவில்லை. எனக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவரை மட்டும் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு மதுரைப் பழைய ஊருக்குள் வீடு. அண்ணன்மார் எல்லோரும் துணிக்கடை வைத்திருக்க, இவர் ஒருவர்தான் இரும்புக்கு வந்தவர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் பாய்தான், எனக்கும்.

“எப்ப இருந்து பாய் இது?”

“மூணு வருசமாச்சு சார்.”

“எதுக்கு?”

“நீங்க முழிச்சிருப்பீங்கள்ல சார். பதில் வராம எப்படித் தூங்குவீங்க? பெரிய மனுசன் ஒருத்தர் அங்க காத்திருக்கும்போது நாங்க இங்க குறட்டை விட்டா நல்லாவா இருக்கும்?”

“நான் எங்க காத்திருந்தேன்? காலையில பார்த்தா போதும்னு தெளிவா எழுதுறேன்ல?”

“அதப் பார்த்துத்தான் சார் எல்லாரும் பயந்தோம். வீட்டுக்கு வந்தவரு எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொன்னா நம்ம ஊர்ல சும்மாவா விடுறோம்? இலையப் போட்டுருவோம்ல?”

அவர் சொன்னது நியாயம்தான். நானே எத்தனை வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

பாய் எல்லாவற்றையும் சொன்னார். நான் இல்லாத ஒரு வாட்ஸப் குரூப், பெயர் ‘ராக்காவல்’. கிழமைக்கு ஒருவர் முறை. பத்து நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும். நேற்று போட்ட வாசகத்தையே இன்று போடக்கூடாது. ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும், அப்போதுதான் படித்த மாதிரி இருக்கும். “நீங்க அதுக்குப் பதில் போடுவீங்க. நாங்க ஒண்ணு போடுவோம். கடைசியா நீங்க நன்றின்னு போடணும். அது வந்தாத்தான் சார் அன்னைக்கு டூட்டி முடியும். சில நாள் அது வர ஒரு மணிகூட ஆயிரும்.”

“அந்த நன்றியப் போடணுமேன்னுதான் பாய் நான் முழிச்சுக்கிட்டே கெடப்பேன்!”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரிக்க ஆரம்பித்தோம். மூன்று வருடம்! அவர்கள் என்னைத் தூங்க வைக்க விழித்திருந்தார்கள், நான் அவர்களுக்கு மரியாதை செய்ய விழித்திருந்தேன். பாய்க்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டீக்கடைக்காரர், என்னண்ணே, இன்னைக்கு இம்புட்டு சந்தோசம் என்று கேட்டார். அந்தக் கடைக்கு நான் பத்து வருடமாகப் போகிறேன், நான் சிரித்து அவர் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு கேட்டேன். “ஏழு நாளைக்கு ஆறு பேருதான? ஏழாவது நாள் யாரு?”

பாய் கிளாசைக் கீழே வைத்தார். “நம்ம செக்கரு புள்ளதான் சார். செவ்வாயும் வெள்ளியும் அதுக்கு. கொழந்தை எப்படியும் எந்திரிக்கும், நானே சேத்துப் பாத்துக்கிறேன்னு கேட்டு வாங்கிக்கிருச்சு.”

“அதுனாலயா பாய் போகுது?”

“அத அந்தப் புள்ளதான் சார் சொல்லணும். நீங்க கேட்டீங்களா?”

“மெயில் போட்டேன்.”

பாய் மிச்ச டீயைக் குடித்துவிட்டு, “போறேன் சார், மேல வேலை கெடக்கு” என்று எழுந்து போனார்.

அன்று இரவு மடிக்கணினியைத் திறக்கவில்லை. இனிமேல் சார் மெயில் போட மாட்டார் என்று பாய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், ஒருவரும் நம்பவில்லை. பன்னிரண்டரை மணிக்கு வீட்டுக்காரியின் போன் அடித்தது. சோழவந்தான் பையன்தான். “மேடம், சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னும் மெயில் வரல. என்னாலதான் எதுவும்…” என்று இழுத்தாராம். “அவரு பத்தரைக்கே படுத்துட்டாருப்பா. வெத்தலை கிள்ளணும்ல, நீயும் படு” என்று சொல்லிவிட்டு, காலையில் காபியோடு இந்தக் கதையையும் கொடுத்தாள். அவள் சிரித்த சிரிப்பில் தம்ளர் ஆடியது.

ஆனால் பழகிய மண்டை சும்மா இருக்குமா? இரவில் எழுதி வைத்துக் காலை ஒன்பது மணிக்குத் தானாகப் போகும்படி செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். அட, இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று ஒரு வாரமாக மனசில் சேர்ந்ததையெல்லாம் எழுதி வைத்தேன். மறுநாள் ஒன்பது மணி அடித்ததும் என் மெயில்கள் பதினொன்றும் ஒரே மூச்சில் போய் விழுந்தன. ஆறு போனும் சேர்ந்து அடித்த அடியில் கீழே பாத்திரக்கடையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்திருப்பார்கள். “சார், இதுக்கு ராத்திரியே தேவலை” என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள்.

செக்கர் மட்டும் சிரிக்கவில்லை. முதல் ‘டிங்’ கேட்டதுமே அவர் தோள் தூக்கிப்போட்டதை நான் பார்த்தேன். மஞ்சள் பேனாவைக் கீழே போட்டுவிட்டுப் போனைப் பொத்தினார், பக்கத்தில் ஏதோ குழந்தை தூங்குவது போல. பட்டப்பகலில், ஆபீசில். அதைப் பார்த்த பிறகு எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவர் போக இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவர் மேஜைக்குப் போனேன். நான்கடி தூரம்தான். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு முழுவதும் பறந்துவிட்டது.

“ஏம்மா போற?” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “லெட்டர்ல எழுதியிருக்கேனே சார்.”

“அது எல்லாரும் எழுதுறது. நீ சொல்லு.”

பேனாவை மூடி வைத்தார். “பாப்பா இன்னும் அம்மான்னு சொல்லல சார்” என்றார். “அதுக்கென்ன, மெதுவா வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா போன்ல அந்தச் சத்தம் கேட்டா, எந்தத் தூக்கத்துல இருந்தாலும் எந்திரிச்சு, தடவித் தடவிப் போனை எடுத்துட்டு வந்து எங் கையில குடுக்குது. எங்க மாமியார் பார்த்துட்டு, ஒம் புள்ளை ஒன்ன என்னன்னு தெரிஞ்சு வச்சிருக்கு பாருன்னாங்க. அவங்க திட்டலை சார். அதான் தாங்க முடியல.”

மேஜையில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“வேலைய விட எனக்கு மனசே இல்ல சார். இதத் தவிர எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணும் கெடையாது. ஆனா நீங்க மெயில் போட்டுப் பதில் போடலைன்னா, என்ன நெனப்பீங்களோன்னு பயம். நேர்ல ஒங்க முகத்தப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?”

“நீ லெட்டர் குடுத்த அன்னைக்கு ராத்திரி ஒனக்கு ஒரு மெயில் போட்டேனேம்மா.”

“எது சார்?”

படிக்கவே இல்லை. அசதியில், என் பெயரைப் பார்த்ததும் விரல் தானாகவே ராக்காவல் பதிலை அடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறது. இத்தனை நாள் எதற்குக் கோபப்பட்டேன் என்று நினைக்க எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் மெயிலைத் தேடித் திறந்து, என் கண் முன்னாலேயே படிக்க ஆரம்பித்தார். எதையும் வரி வரியாகப் படிப்பதுதான் அவர் தொழில். நான் நின்றேன். எழுதியவனை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு படிப்பது போல ஒரு தண்டனை கிடையாது. இரவில் எழுதியபோது தைரியமாக இருந்த ஒவ்வொரு வரியும் பகலில் என் காதைச் சுட்டது.

படித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆறு வருசத்துல இதுல ஒரு வார்த்தையாவது வாயத் தெறந்து சொல்லியிருக்கீங்களா சார்? நாப்பது பீம் தப்புன்னு வந்து சொன்னப்ப ‘ம்’னீங்க. கோவமாக்கும்னு நான் ஒரு வாரம் பயந்துக்கிட்டே வந்தேன்.”

“எனக்குப் பேசத் தெரியலம்மா” என்றேன். “எதிர்ல ஆள் இல்லாதப்பத்தான் எனக்குப் பேச்சு வருது. அதுக்கு ஒங்க தூக்கத்த எடுத்துக்கிட்டேன். அது மரியாதைன்னு வேற நெனச்சுக்கிட்டேன். தப்புத்தான். நீ போகாதம்மா.”

ஐம்பத்தாறு வயதில் ஆபீசில் நின்றுகொண்டு இப்படிப் பேசுவேன் என்று நான் நினைத்ததில்லை. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டில் பேசணும் சார் என்று மட்டும் சொன்னார். கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது, சாப்பிடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். நான் என் இடத்துக்குப் போனேன்.

மறுநாளே சில மாற்றங்களைச் செய்தேன். ஆறரை மணிக்கு மேல் என்னிடமிருந்து எதுவும் போகாது, போனாலும் பதில் போடுகிறவர் அபராதமாக எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று வாயாலேயே அறிவித்தேன். இரவில் வருகிற யோசனைகளை ஒரு நோட்டில் எழுதுகிறேன். காலையில் நோட்டோடு ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொல்கிறேன். முதல் சில நாள் நான் எழுந்தாலே, “சார் வாராரு” என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நோட்டில் இருப்பதில் பாதி பகல் வெளிச்சத்தில் பார்த்தால் சொல்லத் தேவையில்லாததாக இருக்கிறது, அதையும் கண்டுகொண்டேன். ராக்காவல் குரூப்பைக் கலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கே கறிதோசை சாப்பிடுவது என்று அதில்தான் பேசிக்கொள்கிறார்களாம். இன்றுவரை என்னைச் சேர்க்கவில்லை. சேர்க்காததே நல்லது, அவர்களுக்கும் பெருசைப் பற்றிப் பேச ஓர் இடம் வேண்டும்.

ஆனால் அந்த வாரம் முழுவதும் செக்கர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் மேஜை டிராயரைக் காலிசெய்ய ஆரம்பித்திருந்தார். தினமும் ஒரு பொருள் கைப்பையில் போனது. புதன்கிழமை மாலை, மறுபடியும் மெயில் எழுதத் துடித்த கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கேட்டாயிற்று, இனி அவர் பாடு என்று இருக்க வேண்டும், அதுவும் ஒரு மரியாதைதான். அப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள், புதிதாக வந்த ஒரு நடைபாலத்து வேலையின் தாள்களைப் பெரிய மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துக் கொடுக்க இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. யார் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்று கவனிக்கவில்லை.

“நல்ல வேலையா இருக்கே சார்” என்றார் செக்கர். குனிந்து ஒரு மூலையில் விரலை வைத்தார். “வளைவு வருது. துளையெல்லாம் சிக்கலாயிரும். இதுக்கு செக்கிங் யாரு?”

“இன்னும் யாரையும் போடலம்மா.”

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வீட்டுல பேசிட்டேன் சார். போன் இனிமே ராத்திரியில சமையக்கட்டு அலமாரியிலதான் தூங்கும். எங்க மாமியாரே எடம் ஒதுக்கிக் குடுத்துட்டாங்க. அஞ்சரைக்கு நான் கெளம்பிருவேன். அதுக்கப்புறம் கட்டடமே சாஞ்சாலும் காலையிலதான். சரின்னா எம் பேரைப் போடுங்க.”

ஒவ்வொரு தாளின் அடியிலும், சரிபார்த்தவர் யார் என்பதற்கு ஒரு சின்னக் கட்டம் உண்டு. நான் பென்சிலை எடுத்து முதல் தாளில் அவர் பெயரை எழுதினேன். சந்தோஷ அவசரத்தில் எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு ஆறு வருடத்தில் முதல்முறையாக, பயமில்லாத குரலில், “என்ன சார் இது, கோணலா இருக்கு. அழிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்க” என்றார்.